வரவேற்போர் வரிசை

பேனரில் என் அண்ணன் கைகூப்பி நின்றான்.

'ஜெனரல் அய்யாவை வருக வருக என வரவேற்கும்' என்று பெரிதாக எழுதி, கீழே எங்கள் ஊர் ராணுவக்காரர்கள் பதினோரு பேரின் படங்கள். ஏழாவது அண்ணன் பாண்டியராஜன். தலை மட்டும் அவனுடையது. கைகூப்பிய வெள்ளைச் சட்டை உடம்பு பதினோரு பேருக்கும் ஒன்றேதான்.

படத்துக்கு மாலை இல்லை. பார்க்கிறவர்கள் அவன் உயிரோடு இருப்பதாகத்தான் நினைப்பார்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால், பீரங்கி வந்து சேரும்வரை காத்திருக்காமல், பட்டப்பகலில் அண்ணனையும் சேர்த்துப் பன்னிரண்டு பேரை மலையேறச் சொன்னவர் இந்த ஜெனரல்தான். ஒருவரும் திரும்பவில்லை. மறுநாள் வேறு ஆட்கள் ஏறி மலையைப் பிடித்தார்கள். அவருக்குப் பதக்கம் கிடைத்தது. டிவியில் இன்னமும் பாதிப் பேர் மாவீரன் என்கிறார்கள், பாதிப் பேர் கொலைகாரன் என்கிறார்கள். அம்மா சேனலை மாற்றிவிடுவாள்.

இன்று நாகமலை புதுக்கோட்டையில் அவருக்குப் பாராட்டு விழா. மண்டபத்து வாசலில், சங்கத்தின் பேரில் பேனர் வைத்த நல்லகாமனை அம்மா மறித்தாள்.

"எம்மகன் அந்தாளுக்குக் கும்புடு போடுறானா? எடுத்துரு அவன் படத்த. இல்ல, மாலையாச்சும் போட்டு விடு."

"வரவேற்புல மாலை போட்ட படமா? வெளங்கும்! மதினி, படம் போடலைன்னா ஊரே சண்டைக்கு வருது, போட்டா நீங்க வாரீக. கார் திருப்பரங்குன்றம் தாண்டிருச்சு, போங்க அங்கிட்டு."

மண்டபத்து மேனேஜரிடம் கேட்டோம். பேனர் தங்களுடையது இல்லை என்றார். போலீஸ்காரரிடம் கேட்டோம். கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பூக்காரம்மாவிடம் நார் அறுக்கும் பிளேடை வாங்கி அம்மா கையில் வைத்தேன்.

அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறிச் சதுரமாக அறுத்தாள். ஏழாவது இடத்தில் ஓட்டை விழுந்தது. அதன் வழியாகச் சவுக்குக் கட்டையும் பின்னால் நின்ற ஆட்டோவும் தெரிந்தன. போலீஸ்காரர் ஓடிவந்து எங்களைக் கயிற்றுக்கு வெளியே தள்ளினார்.

கார் வந்து நின்றது. நான் நினைத்ததைவிட அவர் குள்ளம். படங்களைப் பார்த்தபடியே நடந்து வந்தவர் ஓட்டைக்கு எதிரே நின்றுவிட்டார்.

"இங்க யாருப்பா இருந்தது?"

நல்லகாமன் எங்களைப் பார்த்தான். பிறகு அவர் பக்கம் குனிந்தான். அவன் சொன்னது கயிற்றோரம் நின்ற எங்களுக்கும் கேட்டது.

"நம்ம சங்கத்துப் பயதான் அய்யா. கொஞ்சம் மனஸ்தாபம். வெலகிப் போயிட்டான்."

ஜெனரல் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"விடுப்பா. எல்லாப் படையிலயும் ஓடிப்போறவன் ஒருத்தன் இருப்பான்."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கொட்டு மேளம் தொடங்கியது.

அம்மா கத்தியது, பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை.