முப்பத்தொன்பது ஒன்று, ஒரே ஒரு ஐந்து

எஹலியகொட ரப்பர் தோட்டத்து வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அலனுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அவன் உருவாக்கிய 'பூதக் கடை'க்கு இந்தத் தோட்டத்து ஜனங்கள் காலையில்தான் நம்பர் போட்டு அனுப்பியிருந்தார்கள். முப்பத்தொன்பது பேர் ஒன்று. ஒரே ஒருத்தி ஐந்து.

பசியோடு வரும் பூதங்களுக்குச் சமைத்துப் போடும் போன் விளையாட்டு அது. முன்கூட்டியே ஆடிப் பார்த்த கொழும்பு விமர்சகர் ஒருவர், "பூதம் ஏப்பம் விட்டதும் எழுந்து நின்று கைதட்டினேன்" என்று பத்திரிகையில் எழுதியே விட்டார்.

கம்பெனி முதலாளி அதற்கெல்லாம் மசிகிற ஆளில்லை. "சாதாரண ஜனங்க நாப்பது பேருக்குக் குடு. ஒன்னுலருந்து அஞ்சு வரைக்கும் ஒரு நம்பர் போடச் சொல்லு. அவங்களுக்குப் புடிக்கலைன்னா வெளியிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

றக்வான தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையான அலன், தனக்கு நிச்சயித்த பெண்ணின் ஊர்க்காரர்கள் கைவிடமாட்டார்கள் என்று நம்பி இங்கே கொண்டுவந்து கொடுத்தான். மூன்று வருட உழைப்பு இப்படி மண்ணாய்ப் போகும் என்று யார் கண்டது?

தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் நுழைந்தால் வீட்டுக்கு வீடு பூதம் ஏப்பம் விடும் சத்தம். முதல் வீட்டுப் பிலோமினம்மா போனும் கையுமாக ஓடிவந்தார்.

"தம்பி, ஹரி ஷோக், ரொம்ப நல்லாருக்கு! அந்த மூணு தலை பூதம் இன்னும் இன்னும் கொச்சிக்கா கேக்குதே, எவ்வளவு காரம்தான் அள்ளிப் போடுறது?"

ஒன்று போட்டுவிட்டு நக்கல் வேறு என்று அலன் பல்லைக் கடித்தான்.

நாலு வீடு தள்ளி, மாமனாராகப் போகிற தோமஸ் அவனை இழுத்துக் கட்டிப்பிடித்தார். "கலக்கிட்டீங்க மாப்பிள்ளை! ரெண்டு நாளா வீட்டுல சோறாக்கல. பூதத்துக்குத்தான் ஆக்கிக்கிட்டு இருக்கோம்!"

அவரும் ஒன்றுதான் போட்டிருந்தார். மனுஷர் கொஞ்சம்கூடக் கூசாமல் சிரிக்கிறாரே என்று அலனுக்கு அழுகையே வந்துவிட்டது. பிய்த்துக்கொண்டு ஸ்மோக் ஹவுஸுக்கு ஓடினான்.

உள்ளே அவனுக்கு நிச்சயித்த ஜொய்சி, புகையில் காய்ந்த ரப்பர் ஷீட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். தேன் நிறத்தில் மினுங்கியதை முதல் அடுக்கில் பதமாக வைத்தாள். கருகி ஓட்டை விழுந்ததை ஐந்தாம் அடுக்கில் விட்டெறிந்தாள். அலனைக் கண்டதும் முகம் வெளிறிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டாள்.

"முதலாளிக்கு போன் பண்ணி இந்த கேமே வேணாம்னு சொல்லப்போறேன் ஜொய்சி. ஊரே காறித் துப்பிருச்சு" என்று போனை எடுத்தான் அலன். "ஆனா நீ ஒருத்தி அஞ்சு போட்ட பாரு, அது போதும் எனக்கு. ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்."

ஜொய்சி திருதிருவென்று விழித்தாள். பிறகு அவன் கையிலிருந்த போனை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"ஊரு எங்கங்க துப்பிச்சு? எல்லாரும் முதல் தரம்னுதான் ஒன்னு போட்டாங்க, கழிவுன்னு அஞ்சு போட்ட பாவி நான் ஒருத்திதானே!"