கவுன்ட்டரில் விட்ட பாஸ்போர்ட்

"கையை எடுங்க சார்" என்றாள் வரவேற்பு மேசையில் இருந்த கண்ணாடிக்காரி.

சர்வேயர் எடுக்கவில்லை. இரண்டு பாஸ்போர்ட்டுகளின் ஒரு முனை அவள் பிடியில், மறுமுனை அவர் பிடியில். பின்னால் பெட்டியோடு நின்ற மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஜெராக்ஸ் எடுத்துக்குங்க. ஒரிஜினல் எதுக்கு?"

"பதிவு பண்ணணும் சார். ஒரு மணி நேரம் ஆகும். முடிஞ்சதும் இங்கயே வாங்கிக்கலாம்."

இன்ஷூரன்ஸ் சர்வேயர் அவர். எரிந்த கிடங்கையும் நசுங்கிய காரையும் பார்த்தே வயிறு வளர்ப்பவருக்கு எதைக் கண்டாலும் அடுத்து நடக்கப் போகும் நாசம்தான் முதலில் தெரியும். ஆபீசில் கூட வேலை பார்த்த ஒருவர் இப்படித்தான் ஒரு ஹோட்டலில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, பதினோரு நாள் தூதரக வாசலில் நாயாய் அலைந்தார். அந்தக் கதையைக் கேட்டதிலிருந்து சர்வேயருக்குப் பாதித் தூக்கம் போய்விட்டது.

"நீ தேடிப் பிடிச்ச ஹோட்டலோட லட்சணத்தைப் பாத்தியா?" என்று மனைவியிடம் பல்லைக் கடித்தார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவருடைய மூன்று நாள் பயிற்சி வகுப்புக்காக இந்த வேற்று நாட்டு ஊருக்கு வருவது முடிவானதும், நெட்டில் துழாவி இந்த இடத்தைச் சொன்னவள் அவள்தான்.

"வேற யாராவது வந்து கேட்டா தூக்கிக் குடுத்துடுவீங்களா?"

"மாட்டோம் சார். படத்துல யார் இருக்காங்களோ, அவங்களே நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் தருவோம்."

அதைக் கேட்டதும் அவர் விரல்கள் கொஞ்சம் தளர்ந்தன. கண்ணாடிக்காரி வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மனைவியின் பாஸ்போர்ட்டைப் பிரித்துப் படத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"நிமிர்ந்து பாருங்க மேடம். இது நீங்கதானா?"

"நான்தான். அப்பக் கொஞ்சம் பூசினாப்ல இருந்தேன்."

கண்ணாடிக்காரி சிரிக்கவில்லை. எதேச்சையாகத் திரும்பிய சர்வேயர், ஓரத்து சோபாவில் தோல் கோட்டு போட்ட ஒரு தடியன் தன் மனைவியையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். இவர் முறைத்ததும் அவன் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினான்.

மனைவியின் செல்போன் சிணுங்கியது.

"யாரு?"

"ஊர்லேர்ந்து தம்பி. அம்மாவுக்கு இன்னும் அப்படியேதான் இருக்காம். கண்ணைத் தொறந்தா என்னைத்தான் கேக்கறாங்களாம்."

"அடுத்த வருஷ லீவுக்குப் பாக்கலாம்னு சொல்லியாச்சுல்ல? மனுஷன் இங்க பாஸ்போர்ட்டை விட்டுட்டு நிக்கறேன், இப்பப் போய் அதைப் பேசிக்கிட்டு!"

மனைவிக்குச் சாமர்த்தியம் போதாது என்பது அவருடைய பழைய தீர்மானம். கல்யாணமாகி அவளைத் தான் வேலை பார்க்கும் வெளிநாட்டுக்கு அழைத்துப் போன நாளிலிருந்து அவளுடைய பாஸ்போர்ட்டும் அவர் பொறுப்புதான். வீட்டில் இருந்தால் பூட்டிய அலமாரி, வெளியே கிளம்பினால் இடுப்புப் பை. ஆறு வருஷமாக அந்தப் பை இல்லாமல் அவர் பஸ்கூட ஏறியதில்லை.

அறைக்கு வந்ததும் கதவின் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். இடுப்பு லேசாக இருந்தது அவருக்கு என்னவோ போல் இருந்தது.

"செத்த படுங்க. ராத்திரி பிளேன்ல நீங்க கண்ணே மூடல" என்றாள் மனைவி. "ஒரு மணி நேரத்துல நான் எழுப்பறேன்."

அவர் கண்விழித்தபோது மூன்று மணி நேரம் ஓடியிருந்தது. அறையில் மனைவி இல்லை. குளியலறை திறந்து கிடந்தது. போன் செய்தால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது.

சர்வேயருக்குத் தோல் கோட்டுக்காரனின் பார்வை நினைவுக்கு வந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் ஐந்து மாடியும் படியிலேயே இறங்கி ஓடினார்.

சோபா காலியாக இருந்தது.

"என் பாஸ்போர்ட் எங்க?" என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

கண்ணாடிக்காரி இழுப்பறையைத் திறந்து ஒன்றை எடுத்து வைத்தாள். ஒன்றே ஒன்று. அவருடையது.

"இன்னொண்ணு? என் பொண்டாட்டியோடது? ஐயோ, அவளையும் காணோம்! அந்தக் கோட்டுக்காரன் உங்க ஆளுதானே? கூட்டுச் சேர்ந்து கடத்திட்டீங்களா? கூப்பிடுங்க போலீசை!" அவருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

அவள் பதட்டப்படாமல் பதிவேட்டைத் திருப்பி வைத்தாள். மனைவியின் கையெழுத்து, நிறுத்தி நிதானமாகப் போட்டது.

"மேடம் வந்து வாங்கிட்டுப் போனாங்க சார். கோட்டுப் போட்டவர் டாக்ஸி டிரைவர். அவங்க தம்பி ஏற்பாடு பண்ண வண்டியாம். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பி ஒண்ணரை மணி நேரம் ஆச்சு."

சர்வேயர் மேசையை ஓங்கி அறைந்தார்.

"யாரைக் கேட்டு அவ கையில குடுத்தீங்க?"

கண்ணாடிக்காரி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது அவங்க பாஸ்போர்ட்தானே சார்?"