முன்னால் போகிறவர்

“ரைடு முடிஞ்சதும் கொஞ்சம் நில்லுங்க மாஸ்டர். உங்ககிட்ட பேசணும்,” என்றார் பல் டாக்டர். அவர்தான் அந்த சைக்கிள் குழுவுக்குக் கேப்டன்.

தையல்கடை மாஸ்டர் பயந்தபடியே சைக்கிளில் ஏறினார். மெதுவாக ஓட்டுகிறார் என்று போன மாதம் ஒருவரிடம் இப்படித்தான் பேசினார்கள். அவர் இப்போது விடிகாலையில் வீட்டில் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்.

முதல் மேடு வந்தது. மற்ற ஐந்து பேரும் ஒல்லிப்பிச்சான்கள், சிட்டாய்ப் பறந்துவிட்டார்கள். மாஸ்டர் தன் மலை போன்ற உடம்பைச் சுமந்துகொண்டு, நாக்குத் தள்ள உச்சிக்கு வந்தபோது வழக்கம்போல் எல்லோரும் காத்திருந்தார்கள்.

“எனக்காக நிக்காதீங்க. போய்க்கிட்டே இருங்க,” என்றார் கூச்சத்தோடு.

“நீங்க இல்லாமலா?” என்றார் பேங்க் கேஷியர் அம்மா. “முன்னாடி போங்க மாஸ்டர்.”

உச்சியில் மரம் மட்டை இல்லாத நீண்ட சாலை. மாஸ்டர் முன்னால் மிதிக்க, ஐவரும் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிக்கொண்டு வந்தார்கள். பாவம் பார்த்து முன்னால் விடுகிறார்கள் என்று அவருக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது.

“இன்னைக்கு காத்து ஜாஸ்தி, இல்ல?” என்று பின்னாலிருந்து நடுங்கியபடி கேட்டார் கேஷியர் அம்மா.

“எப்பவும் அடிக்கிற காத்துதாம்மா,” என்றார் மாஸ்டர்.

இந்த அவமானம் தீரத்தான் அவர் ராத்திரிச் சாப்பாட்டையே விட்டிருந்தார். மனைவி தலையில் அடித்துக்கொண்டும் கேட்கவில்லை. ரைடுக்குப் போடும் சட்டையை இரண்டு தடவை உள்ளே பிடித்துத் தைத்தாகிவிட்டது. இந்தக் காலை நேரமும் கைவிட்டுப் போனால், அப்புறம் நாள் பூராவும் தையல் மெஷின் முகத்தில்தான் முழிக்க வேண்டும்.

ரைடு முடிந்தது. டாக்டர் தொண்டையைச் செருமினார். மற்ற நால்வரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மாஸ்டர் முந்திக்கொண்டார். “என்னை நிறுத்திடாதீங்க டாக்டர். ராத்திரிச் சாப்பாட்டையே விட்டு ஏற்கெனவே ஏழு கிலோ குறைச்சிருக்கேன். இன்னும் பத்து குறைச்சிடறேன். அப்புறம் மேட்டுல எனக்காக யாரும் நிக்க வேண்டாம்.”

ஐந்து முகங்களிலும் ஈயாடவில்லை.

“இன்னும் பத்தா?” என்றார் கேஷியர் அம்மா, அழாத குறையாக.

டாக்டர் மாஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“தயவுசெஞ்சு ராத்திரி சாப்பிடுங்க மாஸ்டர். நீங்க இளைச்சிட்டா, எதிர்காத்துல நாங்க யார் முதுகுக்குப் பின்னாடி ஒளியறது?”