பெற்றவள் கண்

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

பார்க்க வந்தவர்களெல்லாம் அதைத்தான் மெச்சினார்கள். தூங்குகிற பிள்ளையைப் பெற்றவள் வைத்த கண் வாங்காமல் பார்க்கக் கூடாது, அவள் கண்தான் முதலில் படும் என்று அம்மா பிரசவத்துக்கு முன்பே சொல்லிவைத்திருந்தாள். இந்தக் காலத்துப் பெண் சொன்ன பேச்சைக் கேட்கிறாளே என்று அத்தைக்கு வாயெல்லாம் பல்.

அவள் மறுக்கவில்லை.

பாவி, ஒருவரிடமும் மறுக்கவில்லை.

கண்பட்டுவிடும் என்றா பார்க்காமல் இருந்தாள்? பார்க்கவே தோன்றவில்லை. பால் கொடுத்தாள், துணி மாற்றினாள், அழுதால் தூக்கினாள். யாரோ விட்டுவிட்டுப் போன பிள்ளையைப் பார்த்துக்கொள்வதுபோல எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தாள். பாசம் மட்டும் வரவில்லை.

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

எடை பார்க்க வந்த நர்ஸம்மா இன்று விசாரித்தார். பிள்ளை பிறந்ததும் உடம்பில் ஹார்மோன் மளமளவென்று இறங்கிவிடும், சிலருக்கு அதோடு மனசும் சரிந்துவிடும், மறைக்காமல் சொன்னால் மருத்துவம் இருக்கிறது என்றார்.

அம்மா முந்திக்கொண்டாள். "இவளுக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல. புள்ளைக்குக் கண்ணு பட்டுடும்னு திரும்பிக்கூடப் பாக்க மாட்டா."

நர்ஸம்மா அவள் முகத்தையே பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பெற்ற பிள்ளைமேல் பாசம் வைக்க ஹார்மோன் வேண்டுமா என்ன? தன் நெஞ்சுதான் கல். அதற்கு எந்த டாக்டர் என்ன செய்வார்?

வெளியே நர்ஸம்மா எடை மெஷினை வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். இப்போது விட்டால் இனி என்றைக்கும் வாய் வராது என்று அவளுக்குத் தெரிந்தது.

"கண்ணு பட்டுடும்னு இல்லம்மா. எனக்கு இதைப் பாக்கவே பிடிக்கல."

சொல்லிவிட்டாள். கன்னத்தில் ஓர் அறை விழும் என்று காத்திருந்தாள். விழுந்தால் தேவலை என்றிருந்தது.

அம்மா அடிக்கவில்லை. அதட்டவில்லை. மடித்து வைத்திருந்த குழந்தைத் துணியைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"உன்னைப் பெத்தப்போ," என்றாள், "என்னை யாரும் கேக்கலடி."

அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அதற்குள், கிளம்பிய வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே அம்மா தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள்.