காலுக்குப் பெயர் கிடையாது

கோல்பி எழுந்தான். காபி போட்டுக் குடித்தான். சின்னஞ்சிறு ஷூக்களுக்கு நாடா கட்டினான். தரையில் மண்டியிட்டு, அடுப்பிலிருந்து கதவுவரை நடக்கவைத்தான். பாதி வழியில் உட்காரவைத்தான். மனைவி மார்னி இறந்ததிலிருந்து தினமும் காலையில் இதுதான்.

பிறகு அவள் செதுக்கிய அந்த மரப்பொம்மையைக் காரில் ஏற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனான்.

பேராசிரியர் வின்ஸ்லோ அரங்கில் காத்திருந்தார். மூன்று பேர் தலை, கை, கால் என்று ஆளுக்கொன்றைப் பிடித்து, ஒரு பொம்மையை மனிதன் போலவே நடக்கவைக்கும் ஆராய்ச்சி அவருடையது. அதற்கு நிதி கிடைக்குமா என்பது இன்று முடிவாகும். அந்த நடையைக் கண்டுபிடித்தவள் அவருடைய மாணவி மார்னி. ஆராய்ச்சியில் எங்கேயும் அவள் பெயர் இல்லை.

"தலை நான், கை நம்ம ஸ்டூடன்ட் டெஸ்ஸா. கால் பிடிக்கிறவங்க பேரை நோட்டீஸ்ல போடுற வழக்கம் இல்ல. மார்னிக்கும் போட்டதில்ல. வருத்தமில்லையே?"

"இல்ல ப்ரொபசர்."

"நல்ல பையன். அவளை மாதிரி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கல."

நிதி தரும் அறக்கட்டளையின் திருமதி பெக் முன்வரிசையில் வந்து அமர்ந்தார். வின்ஸ்லோவின் குரல் தழுதழுத்தது.

"உயிர் போற நேரத்துலயும் மார்னி ஒண்ணுதான் சொன்னா. 'நான் போனாலும் ப்ரொபசரோட ஆராய்ச்சி நிக்கக் கூடாது.' அவ புருஷனே கால் பிடிக்க வந்திருக்கான், பாருங்க."

கோல்பி கறுப்பு முகமூடியை மாட்டிக்கொண்டு குனிந்தான்.

பொம்மை நடந்தது. குதிகால் பதிந்தது, ஒரு கணம் தயங்கியது, மறு கால் எழுந்தது. திருமதி பெக் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். மேடை நடுவில் பொம்மை உட்கார்ந்துகொண்டது.

"எழுப்புடா," வின்ஸ்லோ பல்லைக் கடித்தார்.

கோல்பி கால்களை விட்டுவிட்டு நிமிர்ந்தான். முகமூடியைக் கழற்றினான்.

"அதனால என்ன?" என்றார் திருமதி பெக். "உங்க ஆராய்ச்சிதானே ப்ரொபசர்? காலை நீங்களே பிடிங்க."

வின்ஸ்லோ மண்டியிட்டார். ஒரு ஷூ இன்னொன்றில் இடறியது. பொம்மை குப்புற விழுந்தது. டெஸ்ஸாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

திருமதி பெக் பேனாவை மூடி, கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"தம்பி, உன் மனைவி நிஜமாவே அப்படியா சொன்னா?"

கோல்பி பொம்மையை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டான்.

"இல்லீங்க. 'பாதி மேடை வரைக்கும் கூட்டிட்டுப் போ. அப்புறம் காலை விட்டுடு.'"