அடுத்த சீசனில் மலாக்கா

“அடுத்த சீசன்ல மலாக்காவை அசைக்க இனிமே ஒருத்தன் பொறந்துதான் வரணும்” என்றார் பொன்னுதுரை, பெண் பார்க்க வந்தவர்கள் வாயில் போட்ட கேசரியை விழுங்குவதற்குள்.

காப்பித் தட்டோடு கதவருகில் நின்ற கமலவேணிக்கு, அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. பினாங்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் சேர்க்கைப் பாரத்தில் அப்பா கையெழுத்துப் போட்டால் அவள் வாத்தியாரம்மா. போடாவிட்டால் சிரம்பானில் எவன் வீட்டிலோ மாவாட்டுவாள்.

நேற்று அப்பாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். “உன் மாமன் கொண்டாந்த எடம். வீடேறி வந்தவங்கள நாம வேணாம்னா, பொண்ணுகிட்டதான் ஏதோ கோளாறுன்னு இந்தக் காஜா பேராங் தெரு பூராவும் பேசும். வேணாம்னு சொல்ற பாத்தியதை அவங்களுக்குத்தான்” என்று சொல்லிவிட்டு, கோழிக்கூண்டுக்குக் கம்பி கட்டப் போய்விட்டார். நாட்டுக்கு மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்து இரண்டு மாதம் ஆகிறது. அது இந்த வீட்டு வாசற்படி வரைக்கும்தான் வந்திருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா கலியாணசுந்தரம் சிரம்பான் ரயில் நிலையத்தில் கணக்கெழுதும் கிராணி. அவருக்குக் கால்பந்து என்றால் உயிர் என்று மாமா ஜெயபாலன் முன்பே சொல்லியிருந்தார். இப்போது அவர் கண் விரிந்தது. “அட, நீங்களும் பந்து பார்ப்பீங்களா சம்பந்தி?”

“பார்க்கறதாவது” என்று மாமா பெருமையோடு குறுக்கே விழுந்தார். “சனிக்கிழமையானா முனிசிபல் திடல்ல வெள்ளைக் கோடு போடறதே மச்சான்தான். இவரு சுண்ணாம்பு இல்லாம மலாக்காவுல ஆட்டமே கிடையாது.”

கோட்டைப் போட்டுவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடுகிற மனுஷனுக்குள் இப்படி ஒரு வெறி இருப்பது கமலவேணிக்கே இன்றுதான் தெரியும். ஆண்களுக்கு எந்தப் பைத்தியம் எப்போது பிடிக்கும் என்று யார் கண்டது.

“நல்லது. ஆனா அடுத்த வருஷம் எங்க நெகிரி செம்பிலான் ஆளுங்களைப் பாருங்க” என்றார் கலியாணசுந்தரம். “பின்னால ரெண்டு மலையைக் கொண்டாந்து நிறுத்தியிருக்கோம். தாண்ட முடியாது.”

“மலையைத் தாண்டுவானேன்? எங்க ஆளுங்க சுத்திக்கிட்டுப் போவாங்க.”

“போறதுக்கு ஆள் வேணுமே. உங்க முன்னாட்டக்காரன் கால் ஒடிஞ்சு கெடக்கானாமே?”

“கெடக்கட்டும். எங்க கோல்கீப்பரே உங்களுக்கு மூணு கோல் போடுவாரு.”

மாப்பிள்ளை களுக்கென்று சிரித்துவிட்டான். அவன் அப்பா சிரிக்கவில்லை. கேசரித் தட்டைக் கீழே வைத்தார். “நையாண்டி பண்றீங்க.”

“உள்ளதைச் சொன்னேன்.”

“மச்சான், போதும். பொண்ணு வந்து நிக்குது” என்றார் மாமா.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. காப்பியில் ஆடை கட்டியது. தன் தலையெழுத்தைத் தீர்மானிக்க வந்த இரண்டு பேரும் மூச்சு வாங்க ஒரு தோல் பந்தைத் துரத்திக்கொண்டிருப்பதை அவள் நின்று பார்த்தாள்.

“முப்பது வருஷமா வெயில்ல நின்னு ஆட்டம் பார்த்தவன்யா நான்” என்றார் கலியாணசுந்தரம். குரல் ஏறியிருந்தது.

“நின்னு என்ன புண்ணியம்? உங்க ஆளுங்களும் திடல்ல அப்படித்தான நிக்கறாங்க.”

“ஏங்க” என்று அம்மா பொன்னம்மா உள்ளிருந்து பல்லைக் கடித்தாள்.

பொன்னுதுரை நிறுத்தவில்லை. “அடுத்த சீசன் முடியட்டும், சொல்லி அனுப்பறேன். தலையில துண்டைப் போட்டுக்கிட்டு வந்து சேருங்க.”

கலியாணசுந்தரம் எழுந்துவிட்டார். “எந்திரிடா. கோடு போடறவன் வீட்டுல உட்கார்ந்து இதெல்லாம் கேக்கணும்னு நமக்கு விதியா? இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேணாம்.”

வாடகைக் கார் முனை திரும்பும் வரை மாமா பின்னாலேயே ஓடினார். திரும்பி வந்தவர் முகத்தில் ரத்தம் இல்லை. “ஒரு பந்துக்காக, பெத்த பொண்ணு வாழ்க்கையை ஒதைச்சுத் தள்ளிட்டீங்களே மச்சான்.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

“நான் விடமாட்டேன். மூவார்ல ஒரு எடம் இருக்கு. நாளைக்கே கூட்டியாறேன்” என்று மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அம்மா கூடத்தில் உட்கார்ந்து, முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டே அப்பாவின் வம்சத்தை வைதாள்.

கமலவேணி அடுப்படிக்குப் போய்க் காப்பியைச் சாக்கடைக் கால்வாயில் கொட்டினாள். தப்பித்தது நிஜம். ஆனால் யாரோ இரண்டு கிழவர்களின் வீம்பால் தப்பித்தாள். நாளைக்கு வரும் மூவார்க்காரன் எந்தக் கட்சியோ. அவனும் மலாக்காவுக்கே கைதட்டுகிறவனாக இருந்துவிட்டால் அப்பா அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தாம்பூலம் மாற்றிவிடுவார். திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் முழுசாக இருந்தது. அதற்குள் எதுவும் நடக்கலாம்.

பின்னால் காலடி கேட்டது. அப்பா.

“உங்களுக்குப் பந்துதான் பெருசு” என்றாள் திரும்பாமல். “நான் படிச்சா என்ன, செத்தா என்ன. எனக்காக வாயைத் தொறக்காத மனுஷன், பந்துக்காக அந்தப் பேச்சுப் பேசறீங்க.”

பொன்னுதுரை கூடத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு அவள் பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“நாளைக்கும் பேசணும், சொல்லிக் குடு வேணி. பந்தாட்டத்துல ஒரு பக்கத்துக்கு எத்தனை பேரும்மா ஆடுவாங்க?”