நாலெழுத்து லத்தீன்

“காலையிலதானே, டாக்டர்?”

மரகதம் அந்த மருந்துச் சீட்டை மேசைமேல் வைத்தாள். காலையில் அவர் எழுதிக் கொடுத்த சீட்டு. அவள் பதிலோடு வந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது.

டாக்டர் ஜெயமணி சீட்டையே பார்த்தார். அதில் ஒரே ஒரு சொல், ‘மானே’. நம் ஊர் மான் அல்ல, லத்தீன்.

அந்தமானின் லாங் ஐலண்ட் தீவு ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர், நர்ஸ் அவள். ஆறு வருஷம் ஓடிவிட்டது. போர்ட் பிளேருக்கு மாற்றல் வந்ததும் அவள் நேராகவே கேட்டாள்: “வேணாம்னு எழுதிக் கொடுத்தா நிறுத்திடுவாங்களாம். நான் போகவா, இருக்கவா?”

நாற்பத்தைந்து வயதுத் தனிக்கட்டைக்குத் தமிழில் சொல்ல வாய் வரவில்லை. சிறுவயதில் பாதிரியாராக வேண்டிச் செமினரியில் படித்த லத்தீன்தான் கைகொடுத்தது. ‘மானே’ என்றால் ‘இரு’. ஆனால் மருந்துச் சீட்டில் வந்தால் அதே சொல்லுக்குக் ‘காலையில்’ என்று பொருள். ஆறு வருஷமாக அதைப் பார்த்துத்தான் அவள் நோயாளிகளுக்குக் காலை மாத்திரை கொடுத்துவந்தாள். எழுதிய அவசரத்தில் அது அவருக்கு உறைக்கவில்லை.

“அப்ப காலை போட்லயே கிளம்பிடறேன்,” என்றாள்.

“அச்சா,” என்றார்.

மறுநாள் படகுத்துறை ஜெட்டியில் அவள் பெட்டியை அவரே தூக்கிக் கொடுத்தார். “மத்தியானம் சாப்பிடாம இருக்காதீங்க, டாக்டர்,” என்றாள் அவள். படகு தீவின் முனை திரும்பி மறைந்த பிறகும் அவர் நகரவில்லை. கரையில் மழையில் ஊறிய மரக்கட்டைகள் மட்டும் கிடந்தன.

மாதம் ஒருமுறை பூசை வைக்க வந்து இரண்டு மூன்று நாள் தங்கும் பாதிரியார் பக்கத்தில் வந்து நின்றார். டாக்டர் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

“தப்பு என்னுதுதான், ஃபாதர். பாவம், அவங்களுக்கு மருந்துச் சீட்டு லத்தீன்தானே தெரியும். தமிழ்ல எழுதியிருந்தா இருந்திருப்பாங்க. அடுத்த போட்ல நானே போய்ச் சொல்லிடறேன்.”

சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்தது. பாதிரியார் அவர் தோளில் கை வைத்தார்.

“போகாதீங்க, டாக்டர். நேத்து மத்தியானமே சீட்டோட வந்து கேட்டாங்க. ரெண்டு அர்த்தமும் சொல்லிட்டேன்.”